பிடிச்ச கேம்ல மனசை விட்டுப் போகாத ஓர் இடம் – எழுதுங்க

படிக்கட்டு

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டாஸ் பதிப்பு (விண்டோஸுக்கு முந்தைய பிசி காலத்துது). 60 நிமிஷத்துல 12 லெவல் தாண்டி, கோபுரத்துல இருக்கிற இளவரசியைக் காப்பாத்தணும், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரா 12-க்கு வர்றேன்.

ஏறி முடிச்சதும் எதிர்ல நிழல் வந்து நிக்கும். 4-ஆம் லெவல்ல ஓடிப்போய்க் கண்ணாடிக்குள்ள பாயும்போது உங்க உடம்பிலிருந்து பிரிஞ்சு அந்தப் பக்கமா ஓடின அதே நிழல். 5-ல நீங்க எடுக்கப் போன பெரிய மருந்தை முந்திக் குடிச்சதும் அதுதான், 6-ல கம்பிக்கதவை இறக்கி உங்களைக் கீழே தள்ளினதும் அதுதான். அவ்வளவு கோபம் சேர்ந்திருக்கும். அதுவரைக்கும் கை பழகினதும் ஒண்ணே ஒண்ணு: எதிரியைப் பார்த்தா மேல் அம்புக்குறியால தடு, ஷிஃப்டால குத்து. இங்கேயும் குத்துவீங்க. அதுக்கு ஓர் உயிர்முக்கோணம் (திரையில மிச்ச உயிரைக் காட்டுற முக்கோணம்) போகும். கூடவே உங்களுக்கும் ஒண்ணு போகும். அதைக் கொன்னா நீங்களும் செத்துருவீங்க.

விடை கீழ் அம்புக்குறி. வாளை உறையில போட்டா நிழலும் போட்டுடும். அப்புறம் அதை நோக்கி நடங்க, ரெண்டும் ஒண்ணாயிடும். அதுக்கப்புறம் இடது பக்கம் தரையே இல்லாத பள்ளம் இருக்கும். தயங்காம ஓடணும், கால் வைக்கிற இடத்துல எல்லாம் கல் முளைச்சுக்கிட்டே வரும்.

திரையில ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆனா 4-லயே சொல்லிட்டாங்க. கண்ணாடியைத் தாண்டினதும் எத்தனை முக்கோணம் இருந்தாலும் ஒண்ணாகக் குறைஞ்சிடும். போனது உங்க உயிர்தான்னு அங்கேயே காட்டியாச்சு. கேமை உருவாக்கின ஜோர்டன் மெக்னர் ஆரம்பத்திலிருந்தே இந்த முடிவை மனசுல வெச்சுத்தான் மொத்தக் கதையையும் கட்டியிருக்கார்.

ஆக்ரோ

ஷேடோ ஆஃப் த கொலோசஸ் (பிளேஸ்டேஷன் 2, 2005). மொத்தம் 16 பூதங்கள், வேறு எதிரிகளே இல்லை. எனக்கு உறுத்துவது 13-ஆவது: பாலைவனத்து மணலுக்குள்ளிருந்து எழுந்து பறக்கும் அந்த நீள உடம்பு.

வயிற்றுப் பக்கம் மூன்று காற்றுப் பைகள் உண்டு. குதிரையை ஓடவிட்டபடியே அம்பெய்து மூன்றையும் கிழிக்க வேண்டும். காற்று இறங்கியதும் உடம்பு தாழ்ந்து இறக்கைகள் மணலில் உரசும். குதிரையை இறக்கைக்குப் பக்கவாட்டில் கொண்டு போங்கள். பின்னாலிருந்து துரத்தினால் கிட்டவே வராது. தாவி ஆர்1 பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதுகுக்கு ஏறுங்கள். குத்து விழுந்தால் அது மேலே ஏறும், உடம்பைச் சுழற்றும், கடைசியில் மணலுக்குள் மூழ்கும். மறுபடி காற்றுப் பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிடிமானம் காட்டும் வட்டம் சுருங்கும் முன்பே சமமாகப் பறக்கிற நேரம் பார்த்துக் கையைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கத் தெரியாதவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

இத்தனையும் செய்து முடிக்கும் வரை அது ஒருமுறைகூட உங்களைத் தாக்காது. முழு ஆட்டத்தையும் கவனித்துப் பாருங்கள், உங்களைத் தாக்கவே தாக்காத பூதம் அது. விழும்போது வெற்றி இசையும் கிடையாது, துக்க இசைதான். எனக்குப் பிடித்த கேம் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். 13-ஐ நினைத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

எட்டுபிட்

@படிக்கட்டு, கடைசி வரியை ஒத்துக்க முடியாது. நிழல் முதலிலிருந்தே திட்டத்தில் இல்லை. மெக்னரே பலமுறை விளக்கியிருக்கிறார். முதலில் அந்த ஆட்டத்தில் வாள்சண்டையே கிடையாது. ஓட்டம், தாவல், பொறிகள் அவ்வளவுதான். இளவரசனின் அசைவுகளே, ஆட்டம் முதலில் எழுதப்பட்ட ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. இன்னோர் ஆளை வரைந்து சேர்க்க இடமில்லை. இருக்கிற இளவரசன் படத்தையே ஒரு பிட் தள்ளி, அதன்மேலேயே எக்ஸ்ஓஆர் (XOR, இரண்டு படங்களும் வேறுபடுகிற புள்ளிகளை மட்டும் காட்டும் கணக்கு) செய்தால் மினுங்குகிற ஓர் உருவம் கிடைக்கும், புதுப் படம் ஒன்றுகூடத் தேவையில்லை. அப்படிப் பிறந்தவன்தான் நிழல் மனிதன். மருந்தைத் திருடுவது, கதவை மூடுவது, கடைசியில் ஒன்றுசேர்வது எல்லாம் அவன் வந்த பிறகு வந்தவை. இடமில்லாததால் வந்த எதிரி என்பதால்தான் அவன் நீங்களாகவே இருக்கிறான்.

அந்த அசைவுகள் ஏன் அவ்வளவு இடம் பிடித்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1985-இல் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக அதன்மேல் வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தின் பக்கவாட்டுச் சண்டைக் காட்சி உதவியது. விசையை விட்டவுடன் இளவரசன் நிற்காமல், ஓட்டத்தின் வேகம் அடங்கித்தான் நிற்பான். விளிம்பில் தவறி விழுகிறவர்கள் பெரும்பாலும் விசையைத் தாமதமாக விடுகிறவர்கள்.

க்ரோவ் தெரு

எல்லாரும் சோகமாவே எழுதுறீங்க, நான் ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ் (2004) பத்தி எழுதுறேன். ரயில் மிஷன். நீங்க பைக் ஓட்ட, கூட்டாளி பிக் ஸ்மோக் பின்னாடி உக்காந்திருப்பாரு, ரயில் கூரை மேல எதிர் கும்பலான வாகோஸ் ஆளுங்க நாலு பேரு. எத்தனை பேரு அங்கேயே கேமை விட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். தோத்தா ரயிலைப் பின்தொடர்ந்தா போதும்னு ஸ்மோக் வேற திட்டுவாரு, அந்த வசனம் இன்னிக்கும் உலகம் முழுக்க ஓடுது.

ஸ்மோக்குக்குச் சுடத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றது தப்பு. நீங்க பைக்கை ரயிலோட ஒட்டி ஓட்டுறீங்க. ஒட்டிப் போனா பெட்டியோட விளிம்பு மறைக்கும், குண்டு எல்லாம் பெட்டியிலதான் படும். வலது பக்கம் நல்லா தள்ளி, கூரை மேல நிக்கிறவன் முழுசா தெரியிற தூரத்துல, ரயில் வேகத்துலயே போங்க. முந்தாதீங்க. பக்கத்துல மண்மேடு வந்தா அதுல ஏறி ஓட்டுங்க, உயரம் கிடைக்கும். நாலு பேரும் விழுந்துடுவாங்க.

எனக்கு இந்த கேம் பிடிக்கறதுக்கு இந்த மிஷன்தான் காரணம். துப்பாக்கி உங்க கையில இல்லை. கூட இருக்கிறவர் சுடுறதுக்கு வாகா வண்டி ஓட்டித் தரணும், அவ்வளவுதான் உங்க வேலை.

ஷிஃப்ட் விசை

பிரின்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால், இப்போது புதுசாக ஆடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலில் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வசதியை அணைத்துவிடுங்கள். ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் சண்டையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும், வாள் குத்துவதே ஷிஃப்டில்தான். மடிக்கணினியில் டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஆடும்போது அசைவு விட்டுவிட்டு வந்தால் கன்ட்ரோல்+எஃப்12 அழுத்தி வேகத்தைக் கூட்டுங்கள், குறைக்க கன்ட்ரோல்+எஃப்11. அதைவிட நல்ல வழி எஸ்டிஎல்பாப். டாஸ் பதிப்பை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட திறந்தமூல வடிவம் அது. எஃப்6 அடித்தால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும், எஃப்9 திரும்பக் கொண்டுவரும். மூலப் பதிப்பில் கன்ட்ரோல்+ஜி போட்டால் லெவலின் தொடக்கமும் மிச்ச நேரமும்தான் சேவ் ஆகும். ஆகவே ஒரு லெவலில் 10 நிமிடம் வீணடித்துவிட்டு சேவ் செய்தால் அந்த இழப்பும் சேர்ந்தே சேவ் ஆகிவிடும். லெவலைத் தொடங்கியதும் சேவ் செய்யுங்கள்.

ஆட்டத்துக்குள்: ஒரு மாடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடிக்கு ஒரு முக்கோணம், மூன்று மாடி என்றால் சாவு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அடி அடியாக வைப்பான். ஈட்டிகளின் நடுவே அப்படி நடந்தால் குத்தாது, ஓடினால் குத்தும். தளக்கல் மேல் சந்தேகம் வந்தால் நின்ற இடத்தில் மேலே குதியுங்கள், பக்கத்தில் உள்ள தளர்ந்த கல் ஆடிக் காட்டிக்கொடுக்கும். வெட்டும் கத்திக்கு முன்னால் அடி வைத்து விளிம்புவரை போய் நின்று, அது மூடித் திறந்ததும் கடந்துவிடுங்கள். 3-ஆம் லெவல் எலும்புக்கூட்டை எத்தனை குத்தினாலும் சாகாது, பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும்.

படிக்கட்டு

@எட்டுபிட், சரிதான் சகோ, அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கறேன். ஷிஃப்ட் விசை எலும்புக்கூட்டைச் சொன்னதும் 8-ஆம் லெவல் ஞாபகம் வந்துடுச்சு. வெளிவாசலைத் திறந்துட்டுத் திரும்பினா நடுவுல கம்பிக்கதவு இறங்கியிருக்கும். அதைத் திறக்கிற கல் அந்தப் பக்கம். மூலை மூலையாத் தேடி, நேரம் ஓடுதேன்னு லெவலை முதல்லருந்து ஆரம்பிச்சவங்கதான் நிறைய. எதுவும் செய்யாம நின்னா போதும். கொஞ்ச நேரத்துல இளவரசியோட வெள்ளை எலி ஓடிவந்து அந்தக் கல்லை மிதிக்கும், கதவு ஏறும்.