டன்ஹம் நடன முறை பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நவீன நடனத்தில் ஆப்பிரிக்க நடனத்தின் பங்கு பற்றி என் வகுப்பில் ஆடிக் காட்டிப் பேச வேண்டும். கேத்தரின் டன்ஹமை எடுத்துக்கொண்டேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண், மானிடவியல் படித்தவர். 1935-36இல் ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹைத்தி என்று போய், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த மக்களோடு தங்கி ஆடப் பழகியவர். அதை ஐரோப்பாவின் பாலே நடனத்தோடும் நவீன நடனத்தோடும் சேர்த்துத் தனிப் பயிற்சி முறையே உருவாக்கினார். எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை!

சிக்கல் என் உடம்பில்தான். தோள் தனியாக, இடுப்பு தனியாக, ஒவ்வொன்றும் வேறு தாளத்தில் அசைய வேண்டும். நான் தோளை அசைத்தால் இடுப்பும் கூடவே வந்துவிடுகிறது. பரதத்தில் முதுகை நிமிர்த்தியே பழகியவள். முதுகுத்தண்டை அலை மாதிரி விடும்போது விலாவுக்குப் பின்னால் அப்படியே இறுகிவிடுகிறது.

இதை முறையாகக் கற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் எந்த அசைவைப் பழகுவது? பதிவு செய்த இசை போதுமா, முரசு வாசிப்பவர் கூடவே இருக்க வேண்டுமா? அப்புறம், 1948இல் உதவித்தொகை பெற்று ஆப்பிரிக்காவுக்கே போய்க் கற்ற அமெரிக்க நடனக் கலைஞர் பேர்ல் பிரைமஸ் பற்றித் தமிழில் ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த மாதம் முதல் வாரம் நிகழ்ச்சி.