எடிட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஷூட்டிங்கில் செய்த தப்பெல்லாம் தெரிகிறது

இரண்டாமாண்டு_மாணவன்:
நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு குறும்படம் எடுத்துவிட்டோம். கேமரா நான், எடிட் இன்னொருவன். முதல் படத்தில் பாதி ஷாட்டுக்கு "இன்னும் ரெண்டு செகண்ட் ஓட விட்டிருக்கக் கூடாதாடா" என்று புலம்பினான். இரண்டாவதில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி. தனித்தனியாக ஒவ்வொரு ஷாட்டும் அழகுதான், ஒட்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுகிறார்கள்! போதாததற்கு, போனில் எடுத்துவிட்டு ரெக்கார்டரில் தனியாகப் பிடித்த குரலைச் சேர்த்தால், போகப்போக உதடும் குரலும் விலகுகின்றன. நல்ல லென்ஸ் வாங்கவா, முதலில் எடிட்டிங் கற்கவா?

டைம்லைன்_ஆசாமி:
லென்ஸை விடுங்கள், அடுத்த படத்தை நீங்களே எடிட் செய்யுங்கள். மூன்று படம் கேமரா மட்டும் பிடித்தவன் நான். நான்காவதில் எடிட்டர் பாதியில் கழன்றுகொண்டதால் என் தலையில் விழுந்தது. நடிகர் நடக்கத் தொடங்கும் அதே நொடியில் ரெக்கார்ட் அமுக்கியிருக்கிறேன், வெட்ட இடமே இல்லை. அன்றிலிருந்து முன்னும் பின்னும் ஐந்து செகண்ட் சும்மா ஓட விடுவேன். கதவு திறப்பதை வைடிலும் (தள்ளி நின்று எல்லாம் தெரியும்படி எடுப்பது) முழுசாக எடுங்கள், குளோசப்பிலும் முழுசாக எடுங்கள். கை கைப்பிடியைத் திருப்பும் அசைவுக்கு நடுவில் மாற்றினால் வெட்டு கண்ணில் படாது.

ஒரே பக்கம் பார்ப்பது 180 டிகிரி கோட்டைத் தாண்டியதால். இருவரையும் இணைத்து மனதில் ஒரு கோடு போட்டு, கேமராவைக் கடைசிவரை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டியே ஆகவேண்டுமென்றால் ஷாட் ஓடும்போதே நகர்ந்து தாண்டுங்கள், பார்ப்பவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். எடுத்ததைக் காப்பாற்ற, ஒருவருடைய ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பின்னால் எழுத்து எதுவும் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

பூம்_மைக்:
குரல் விலகுவதற்குப் பெரும்பாலும் போன்தான் காரணம். நொடிக்கு 30 பிரேம் (படம்) என்று வைத்திருந்தாலும் பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம்தான், அதில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்டுக்கு, அதாவது பிரேம் எண்ணிக்கை கூடிக் குறையாதபடி, மாற்றிவிட்டு எடிட்டிங் டைம்லைனில் போடுங்கள். போனில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டாமல் எடுத்தால் ஷாட்டுக்கு ஷாட் முகத்தின் நிறம் மாறும், அதையும் எடிட்டர்தான் அழுதுகொண்டே சரிசெய்வான். அப்புறம், ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 செகண்ட் அறைச் சத்தம் பிடித்து வாருங்கள். வசனத்துக்கு நடுவே திடீரென்று செத்த மௌனம் விழாமல் இருக்க அதுதான் கைகொடுக்கும்.

கத்தரிக்கோல்:
டைம்லைன் ஆசாமி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். தான் எடுத்ததைத் தானே வெட்டினால் பாசம் வந்துவிடும். மூன்று மணி நேரம் நனைந்து எடுத்த ஷாட்டைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? இன்னொரு குழுவோடு ஃபுட்டேஜை மாற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களுடையதை வெட்டட்டும், நீங்கள் அவர்களுடையதை. எங்கே ஷாட் இல்லாமல் திணறுகிறோம் என்று அப்போது நன்றாகவே உறைக்கும். இடையில் சோவியத் இயக்குநர் குலெஷோவின் பழைய சோதனையைச் செய்து பாருங்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகம்; அடுத்து ஒருமுறை சூப் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி. பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

இரண்டாமாண்டு_மாணவன்:
திருப்பிப் பார்த்தேன். பார்வை சரியாகிவிட்டது, ஆனால் சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டது. இருவரும் சேர்ந்து தெரியும் வைடில் அது இடது பக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு ஆளை மட்டும் மறுபடி எடுக்கப் போகிறோம், எடிட் நான்தான்.