ரேடியம் டயல், ட்ரிட்டியம் குழாய், பச்சைக் கண்ணாடி: குமரி மாவட்டத்துல கண்ணுல பட்டதைச் சொல்லுங்க

தக்கலை மணி

கொளச்சல் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. படகுத் திசைகாட்டி ஒண்ணு கெடந்துது. எழுத்தெல்லாம் கடுகு நிறம், பொருக்குத் தட்டியிருக்கு. உதிர்ந்த பெயிண்ட் கண்ணாடி ஓரத்துல மஞ்சத் தூளா சேர்ந்து நிக்கு. "இது இப்ப எரியாது, பவர் போயிட்டு"ன்னு சொல்லிக்கிட்டே கடைக்காரர் கண்ணாடியைக் கழட்டி வாயால ஒரு ஊது ஊதினார். அந்த ஊதல்தான் இன்னும் உறுத்துது.

அந்த எழுத்து, இருட்டுல தானா ஒளிரணும்னு ரேடியம் கலந்து பூசின பெயிண்ட். அதுல இருக்கிற கதிர்வீச்சுத் தனிமம் ரேடியம்-226க்கு அரை ஆயுள் (பாதியா குறைய ஆகிற காலம்) 1,600 வருசம். டயல் இருண்டு போறதுக்குக் காரணம், வெளிச்சம் தர்றதுக்காகக் கூடக் கலந்திருக்கிற துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் விடுற ஆல்ஃபாத் துகள் ஓயாம அடிச்சு அந்தப் படிகம் கெட்டுப்போகுது. ரேடியம் அப்படியேதான் இருக்கு. நியூஜெர்சியில 1920கள்ல இந்தப் பெயிண்ட்டால டயல் எழுதின பெண்கள் தூரிகை முனையை உதட்டுல வச்சுக் கூராக்கினாங்க. தாடை எலும்பு அழுகிச் செத்தது அதனாலதான். உடம்பு ரேடியத்தைக் கால்சியம்னு நெனச்சு எலும்புல சேர்த்துவச்சிடும். மூடின கண்ணாடிக்குள்ள இருக்கிறவரை பயம் கம்மி. தூள் வெளிய வந்துட்டா கதையே வேற.

வடசேரி லென்ஸ்

மணி அண்ணே சொன்னது சரி. ஆனா "கடுகு நிறம்"னு மட்டும் சொன்னா ஆளுக ஏமாந்துருவாங்க. இப்ப பழசு மாதிரி தெரியணும்னே சாதாரண பெயிண்ட்டை அந்த நிறத்துல பூசி விக்கிறாங்க.

ஒரு டைம்பீஸ். நாலரை மணிக்கு நின்னு பல வருசமா அசையாம இருந்தது. முள்ளை எடுத்தா அடியில டயல் மேலயே முள்ளோட உருவம் காப்பி நிறத்துல கருகிக் கெடக்கு, முனை வரைக்கும் அச்சு அசலா. அதுக்கு மேல சாட்சி வேண்டாம். ரேடியம் பெயிண்ட் ஒரே இடத்துக்கு நேரா இருந்தா அப்படித்தான் காகிதத்தையும் வார்னிஷையும் எரிக்கும்.

வேற சோதனையும் இருக்கு. கள்ளநோட்டு பார்க்கிற யுவி லைட்டை அடிங்க. கெட்டுப்போன ரேடியம் பெயிண்ட் லைட் படும்போது மங்கலா ஒளிரும், எடுத்ததும் சட்டுனு அணைஞ்சிரும். இப்ப வர்ற ஸ்ட்ரான்சியம் அலுமினேட் ஸ்டிக்கர், குழந்தைக ரூம்ல ஒட்டுற நட்சத்திரம் எல்லாம் லைட் எடுத்த பிறகும் மணிக்கணக்குல எரியும், கதிர்வீச்சு கிடையாது. ஒரு நாள் முழுக்க வெளிச்சம் படாத பெட்டியில வச்சுத் திறந்தும் எரியுதுன்னா அது தானா ஒளிர்ற சாமான்.

வாட்ச் வேலை பாக்கிறவங்களுக்கு: ரேடியம் டயல்னு தெரிஞ்சா ரப்பர் ஊதி தொடவே கூடாது. அல்ட்ராசானிக் தொட்டியில போட்டா தண்ணி முழுக்கப் பரவும். முள்ளுல இருக்கிற பெயிண்ட்டைச் சுரண்டிப் புதுசு பூசித் தாங்கன்னு கஸ்டமர் கேட்டா முடியாதுன்னு சொல்லிருங்க. திறந்தே ஆகணும்னா நைட்ரைல் கையுறை, தட்டுல ஈர டிஷ்யூ, ஃபேன் ஆஃப். லூப் (கண்ணுல மாட்டுற பூதக்கண்ணாடி) வச்சுக்கிட்டு மூக்கு டயலுக்கு ரெண்டு விரக்கடை தூரத்துல இருக்குமே, முகமூடி வேணும்கிறது அதுக்குத்தான். வேலை முடிஞ்சதும் டிஷ்யூவை ஈரத்தோட மடிச்சு ஜிப் கவர்ல போட்டு மூடணும். டீ கிளாஸ் அந்த மேசையில இருக்கவே கூடாது.

முட்டம்காரி

நீங்க ரெண்டு பேரும் பேசுறதைப் பார்த்து யாராவது ட்ரிட்டியம் குழாய் மாட்டின சாவிக்கொத்தையும் தூக்கிப்போட்டுருவாங்க. ரெண்டும் ஒண்ணு கிடையாது.

ட்ரிட்டியம்கிறது கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன் வாயு. போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய்க்குள்ள அடைச்சு, உள்சுவர்ல பாஸ்பர்ங்கிற ஒளிர்ற தூளைப் பூசியிருப்பாங்க. அது விடுற பீட்டாத் துகளோட ஆற்றல் அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், கண்ணாடியையும் தாண்டாது, தோலோட செத்த மேலடுக்கையும் தாண்டாது. அரை ஆயுள் 12.3 வருசம், அதனால வெளிச்சமும் ஏறக்குறைய அந்தக் கணக்குல பாதியாகும். டயல் அடியில T<25னு இருந்தா ட்ரிட்டியம் 25 மில்லிகியூரிக்கு (கதிரியக்க அளவு) கம்மின்னு அர்த்தம்.

பார்த்தது இதுதான்: டைல்ஸ் தரையில விழுந்து உடைஞ்ச குழாய். உடனே ஒரு பையன் குனிஞ்சு முகத்தைக் கிட்ட கொண்டுபோய் எரியுதான்னு பாக்கான். செய்ய வேண்டியது நேர் எதிர். எந்திரிச்சு வெளிய போகணும். போற வழியில ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் ரூமை விட்டுரணும். வாயுவா இருக்கிறவரை உடம்பு அதைக் கொஞ்சம்தான் பிடிக்கும், தண்ணியா மாறிட்டா எளிதா உள்ள போகும். உள்ள போனது பாதியா வெளியேற சுமார் பத்து நாள் ஆகும். அப்புறம் கையுறை போட்டு ஈரத் துணியால கண்ணாடித் துண்டை எடுங்க, பாஸ்பர் தூளும் அதுல இருக்கும். வெறுங்கையால எடுத்தா குத்தும்.

சாதாரண வீட்டுக் கதிர்வீச்சு மீட்டர் ட்ரிட்டியத்தைக் காட்டவே காட்டாது. மீட்டர் சும்மா இருக்குன்னு நிம்மதியா இருந்துராதீங்க.

குழித்துறை

யுரேனியம் கலந்து செஞ்ச கண்ணாடியை யாருமே சொல்லலையே. பழைய தறவாட்டு வீட்டு அலமாரியில இருந்த வெளிறின மஞ்சள்-பச்சைக் கிண்ணம், யுவி அடிச்சதும் பச்சையா குபீர்னு எரிஞ்சுது. அந்தக் கிண்ணத்துல நார்த்தங்காய் ஊறுகாய்! வழக்கமா எடையில ரெண்டு சதவீதத்துக்குள்ளதான் யுரேனியம் இருக்கும், அலமாரியில வச்சுப் பார்க்க ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா புளிப்பும் உப்பும் நாள்கணக்கா ஊறுற சாமானுக்கு வேண்டாம். கரைஞ்சு வர்ற யுரேனியத்தோட கெடுதல் முதல்ல சிறுநீரகத்துக்குத்தான். ஆரஞ்சு-சிவப்பு யுரேனியக் கிளேஸ் பூசின பீங்கான் இதைவிட மோசம், அமிலம் பட்டா நல்லாவே விடும்.

365 நானோமீட்டர் யுவி டார்ச்சுல மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் மங்கலா பச்சை காட்டும். 395 வச்சும் பாருங்க. மீட்டரும் வச்சாதான் உறுதி.

மண்டைக்காடு மீட்டர்

மீட்டரைப் பத்தித்தான் எழுத வந்தேன். மணவாளக்குறிச்சி கடற்கரையோரத்துத் திண்ணையில ரேடியம் வாட்சை வச்சு, "பாருங்க எவ்வளவு ஏறுது"ன்னு ஒரு வீடியோ. மண்ணுல மோனசைட்ங்கிற கனிமம் இருக்கு, அதுல கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கு, திண்ணையே மீட்டரை ஏத்துது! இதே வாட்சைக் குலசேகரத்துல வச்சா எண் மாறும்.

முதல்ல வாட்ச் இல்லாம அதே இடத்துல பத்து நிமிசம் எண்ணுங்க. நிமிசத்துக்கு 20 வந்தா பத்து நிமிசத்துல 200, அதுல 14 கூடுதல் குறைவு தற்செயலாவே வரும். அப்புறம் வாட்சை ஒரு சென்டிமீட்டர்ல வச்சு அதே பத்து நிமிசம் எண்ணி, முதல் எண்ணைக் கழிங்க. நம்ம கரையில நாலடி தள்ளினாலே அடிப்படை மாறும், அதனால மீட்டரை நகர்த்தக் கூடாது, வாட்சைத்தான் நகர்த்தணும்.

மீட்டர் காட்டுற மைக்ரோசீவர்ட் (உடம்புக்கான கதிர்வீச்சு அளவு) எண்ணை நம்பாதீங்க. அது காமாக் கதிருக்குன்னு அளவு வச்சது, பீட்டா விழுந்தா பொய்யா ஏறும். நிமிச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க. எஸ்பிஎம்-20 குழாய் போட்ட மலிவு மீட்டர் ஆல்ஃபாவைப் பார்க்காது, உதிர்ந்த ரேடியம் தூளைத் தேட மைக்கா ஜன்னல் உள்ள, தட்டையான பான்கேக் குழாய்தான் வேணும்.

தக்கலை மணி

மண்டைக்காட்டு அண்ணே, அந்த மண்ணுல இருந்த தோரியம்தானே பெட்ரோமாக்ஸ் மேன்டிலுக்கே (விளக்குல எரியுற வலைக்கே) போச்சு. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் திருவிதாங்கூர்ல இருந்து போன கயிற்றுல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சி மோனசைட்டே வெளிய தெரிஞ்சுது.

மேன்டில் சேர்க்கிறவங்களும் இருக்காங்க. பழைய பாக்கெட் புதுசைவிட மீட்டர்ல அதிகம் காட்டும். தோரியத்தைப் பிரிச்செடுத்த பிறகு அது சிதைஞ்சு உண்டாகுற சந்ததித் தனிமங்கள் பல வருசத்துல திரும்ப வளருது. பாக்கெட்டைப் பிரிக்காம வச்சுக்கோங்க. புது மேன்டிலை முதல் தடவை எரிக்கிறதை முற்றத்துல, காத்து நம்மகிட்டேருந்து விளக்குப் பக்கம் போற மாதிரி நின்னு செய்யணும். உடைஞ்ச மேன்டில் சாம்பலை ஊதாம ஈரத் துணியில ஒத்தி எடுங்க. திருவிழாவுக்கு விளக்கு எரியணும்னு மட்டும் இருந்தா யிட்ரியம் மேன்டில் கிடைக்குது, அதை வாங்குங்க.

கொட்டாரம்

ரேடியம் டைம்பீஸ் ஆறு இருக்கு, கண்ணாடி எல்லாம் முழுசு. ஏசி பெட்ரூம் அலமாரியில வச்சிருக்கு. பரவாயில்லையா அண்ணே?

வடசேரி லென்ஸ்

இன்னைக்கே இடம் மாத்துங்க தம்பி. ரேடியத்துல இருந்து ரேடான்ங்கிற கதிர்வீச்சு வாயு வருது, கடிகாரப் பெட்டி அதைப் பிடிச்சு வைக்காது. 2018ல பிரிட்டன்ல 30 பழைய ரேடியம் வாட்ச் உள்ள ஒரு சேகரிப்பை அளந்தப்போ ரூம்ல ரேடான் பரிந்துரை அளவைவிட நூறு மடங்குக்கும் மேல இருந்துது. ஏசி ரூம்ல ஜன்னல் மூடியே கெடக்கும், அதான் சிக்கல். ஆள் தூங்காத, காத்தோட்டமுள்ள ரூம், வலை வச்ச அலமாரி. தலைமாட்டுல இருந்து மூணு மீட்டராவது தள்ளி வையுங்க, பத்து சென்டிமீட்டர்ல வர்ற காமா ஒரு மீட்டர்ல ஏறக்குறைய நூத்துல ஒண்ணாயிரும். ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போட்டு "ரேடியம், திறக்காதே"ன்னு எழுதி ஒட்டுங்க, நாளைக்கு வீட்டுல வேற யாராவது எடுப்பாங்க. எதுலயாவது கண்ணாடி உடைஞ்சா ரெண்டு கவர் போட்டு மூடி, ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) குடுக்காம மும்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்க.