உங்கள் டயோரமாவை (சின்ன மாடல்களால் அமைத்த காட்சியை) பார்த்தவர் சொன்ன ஒரு வார்த்தை, இன்னும் உறுத்துகிறதா?

கரும்புத்தோகை
அசல் உத்தர் செய்திருந்தேன், இந்திய-பாகிஸ்தான் போரில் பஞ்சாபில் நடந்த டாங்கிச் சண்டை. 1965 செப்டம்பர் 10, சீமா கிராமத்துப் பக்கம், நம் வீரர் அப்துல் ஹமீதின் ஜீப், மேலே 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத பீரங்கி), எதிரே கரும்புக்குள்ளிருந்து மூக்கை நீட்டும் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கி. எல்லாம் நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு. கரும்புக்கே மூன்று மாதம் போயிற்று, ஒவ்வொன்றும் எட்டு சென்டிமீட்டர், தோகை முழுக்கக் காகிதம். கண்காட்சியில் வைத்த அன்று மதியம் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். ஒட்ட வெட்டிய முடி, வளையாத முதுகு. கரும்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தொடலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் அடுத்த குண்டோடு நின்ற ஃபிகரை (சிப்பாய் பொம்மையை) இரண்டு விரலால் எடுத்து (நல்லவேளை, கம்பியில்தான் செருகியிருந்தேன்) பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். "சுடும்போது பின்னாடி நின்னா இவன் இல்லப்பா." அவ்வளவுதான், போய்விட்டார். ஆர்.சி.எல். பின்பக்கமும் நெருப்பைக் கக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன, படித்திருக்கிறேன். அந்த இடம் வெறுமையாக இருக்கிறதே என்று ஆளை நிறுத்திவிட்டேன். அவர் அந்த பீரங்கியில் வேலை பார்த்தவரா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பழைய டாங்கி
குண்டு ஏற்றும்போது பின்னால்தானே நிற்க வேண்டும்? பெரியவர் சொன்னதற்காக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மாற்ற வேண்டியது பேட்டனைத்தான். தமியா கம்பெனியின் எம்48ஏ3 மாடல் பெட்டியில்தானே செய்தீர்கள்? அது வியட்நாம் வண்டி, டீசல் எஞ்சின். 1965-இல் பாகிஸ்தானிடம் இருந்தவை பெட்ரோல் பேட்டன்கள், எஞ்சின் மூடியே வேறு மாதிரி இருக்கும். அகமதுநகர் டாங்கி மியூசியத்துக்குப் போய் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வந்து, பின்பக்கத்தை பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டுங்கள். இல்லையென்றால் வண்டியின் பின்பாதியைக் கரும்புக்குள் தள்ளிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. இதையேதான் ஒரு காட்சியில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனிடம் சொன்னேன். முதல் டாங்கியாம். அவன் முகம் போன போக்கு... சரி, விடுங்கள்.

சின்னத் தூரிகை
அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டாம் சார்.

என் கதை வேறு. 1944, இத்தாலியில் கசினோ சண்டை, நாலாவது இந்திய டிவிஷன், தோளில் அவர்கள் சின்னமான சிவப்புக் கழுகு வரைக்கும் வரைந்தேன், அரை நாள் கண் போயிற்று. என் பெண்ணுக்கு ஆறு வயது. மேஜையை எட்டிப் பார்த்து, "நம்ம ஊர் ஆளுன்னியே, ஏன்ப்பா வெள்ளையா இருக்காங்க?" என்றாள். 'தோல் நிறம்' என்று விற்கிற குப்பியை அப்படியே பூசியிருக்கிறேன்! பன்னிரண்டு முகம். ஒருவருக்கும் அந்த எண்ணமே வரவில்லை, எனக்கும் வரவில்லை. இப்போது செம்பழுப்பில் தொடங்கி, மேடான இடங்களுக்கு மஞ்சள் காவி கலக்கிறேன். வெள்ளை கலந்தால் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடுகிறது.

ஈரமண்
வயலில் தண்ணீர் விட்டீர்களா? அசல் உத்தரில் வயல்களை நனைத்துத்தானே பேட்டன்களைச் சேற்றில் சிக்கவைத்தார்கள். விடுவதாக இருந்தால், தண்ணீருக்காக ஊற்றும் எபாக்சிப் பிசினை ஒரே ஊற்றாக ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன், அடி கொதித்து ஜீப்பின் சக்கரம் வளைந்துவிட்டது. இரண்டு மி.மீ. ஊற்றி, ஒரு நாள் விட்டு, அப்புறம் அடுத்தது. மண்ணுக்கு டீத்தூள் திப்பி போடுகிறவர்கள் நன்றாக வறுத்துவிட்டு ஃபெவிகாலில் கலக்கவும், நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து என் பாலைவனம் பச்சையாகிவிட்டது.

கரும்புத்தோகை
பழைய டாங்கி சார், குண்டு ஏற்றும் காட்சி இல்லை அது. குழல் முனையில் பஞ்சுப் புகை வைத்திருக்கிறேன். சுட்டாயிற்று. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை நகர்த்தியிருக்கிறார். பேட்டன் நீங்கள் சொன்ன பெட்டிதான், இந்த வாரமே கரும்புக்குள் தள்ளுகிறேன். ஃபிகரை அவர் வைத்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். பின்னால் மண்ணில் கம்பித் துளை மட்டும் தெரிகிறது.

பழைய டாங்கி
அங்கே சுட்டுப்போட்ட குண்டின் காலி உறை ஒன்றைக் கிடத்துங்கள். ஆர்.சி.எல். உறை சல்லடை மாதிரி இருக்கும், சாதாரணக் குழாயை வெட்டி வைத்துவிடாதீர்கள்.

கரும்புத்தோகை
அவ்வளவு சின்ன உறையில் துளை எப்படிப் போடுவது?