அப்பாவுக்குச் சொரியாசிஸ் வாதம், இப்ப தங்கச்சிக்கும் சந்தேகம்: கொழும்பில ஆரும் உதவுவீங்களா?

வணக்கம், வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். அப்பாவுக்குக் கனகாலமாச் சொரியாசிஸ் எண்ட தோல் வருத்தம். பிறகு விரல் மூட்டுகளும் வீங்கி, சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் எண்டு உறுதியாச்சு. இப்ப தங்கச்சிக்கும் தலையில செதில், நகத்தில குழி குழியா, காலமை எழும்பினா குதிக்கால் நோ. சரியாப் பயமா இருக்கு.

வாசிச்ச அளவில, நெருங்கின சொந்தத்துக்கு இது வாற வாய்ப்புக் கூட. இரத்தச் சோதனையில பாக்கிற எச்எல்ஏ-பி27 எண்ட மரபணு இருந்தா முள்ளந்தண்டும் பாதிக்கப்படலாம். ஆனா பி27 இருக்கிற கனபேருக்கு ஒண்டும் வாறதில்லை, இல்லாதவைக்கும் இந்த வாதம் வருது. அதால சோதனை முடிவை விட நகமும் குதிக்காலும்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

கொழும்பில பி27 சோதனை செய்தவை இருக்கிறீங்களா? எவ்வளவு முடிஞ்சது? முதலில தோல் வைத்தியரிட்டப் போறதா, நேர வாதநோய் நிபுணரிட்டயா? தங்கச்சி பிள்ளைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறா. அப்பா எடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் எண்ட மருந்து கர்ப்பகாலத்தில அறவே கூடாது. அதையும் யோசிச்சு மருந்து தாற, தமிழில ஆறுதலாக் கதைக்கிற வைத்தியர் ஆரையும் தெரிஞ்சா தயவுசெய்து சொல்லுங்கோ. அம்மாவும் கூட வருவா, அவவுக்கும் விளங்கவேணும்.