புதுப்பிப்பு: ராஸ்ப்பெர்ரி பை 4-இல் 17-ஆம் ஜிபிஐஓ பின் மறுபடி வேலை செய்கிறது

ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 6.6-க்கு மாறியதும், சிஸ்எஃப்எஸ் (பின்களைக் கோப்புகள் போல இயக்கும் பழைய முறை) வழியாக 17-ஆம் ஜிபிஐஓ பின்னை, அதாவது வெளிக் கருவிகளை இணைக்கும் முனையை, எக்ஸ்போர்ட் செய்தால் (பயன்பாட்டுக்குத் திறந்தால்) 'இன்வேலிட் ஆர்குமென்ட்' என்ற பிழை வருகிறது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அசையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பின்களைக் கட்டுப்படுத்தும் சிப்பின் எண்கள் சிஸ்எஃப்எஸில் இப்போது 512-இல் தொடங்குகின்றன. அங்கே 17 இனி 529. அதைக் கொடுத்ததும் ரிலே 'டிக்' என்றது.

ஆனால் அதோடு நிறுத்த மனமில்லை. சிஸ்எஃப்எஸ் வழியை 2016-இலேயே, கெர்னல் 4.8-இல், ஓரங்கட்டிவிட்டார்கள். அதனால் நிரலை கேரக்டர் டிவைஸ் என்ற புதிய வழிக்கு மாற்றிவிட்டேன். ஜிபிஐஓசிப்0 கோப்பைத் திறந்து, ஐஆக்டில் (கெர்னலிடம் கோரிக்கை வைக்கும் அழைப்பு) மூலம் 17-ஆம் லைனை, அதாவது அதே பின்னை, கேட்டால் (இங்கே எண் சிப்புக்குள் எண்ணப்படுவதால் 17-தான்), கெர்னல் அதற்கென்றே ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) தருகிறது. அது நம்மிடம் இருக்கும்வரை வேறு நிரல் கேட்டால் 'பிஸி' என்ற பதில்தான். நம் நிரல் பாதியில் செத்தாலும் கெர்னலே லைனை விடுவித்துவிடும். பழைய வழியில் எக்ஸ்போர்ட் அப்படியே கிடக்கும். மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒன்று மட்டும் கவனம்: விடுவித்த பிறகு அந்த பின் எந்த நிலையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரிலே உள்ளீட்டில் புல்-டவுன் ரெசிஸ்டர் (சிக்னல் இல்லாதபோது உள்ளீட்டைத் தாழ்நிலையில் வைப்பது) போட்டே ஆக வேண்டும் (தாழ்நிலையில் இயங்கும் ஆக்டிவ்-லோ ரிலே என்றால், உயர்நிலையில் வைக்கும் புல்-அப்).

இதற்கு ரூட் (முழு நிர்வாகி அனுமதி) வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ்-இல் பயனர் ஜிபிஐஓ குழுவில் இருந்தால் போதும்.