டிரம் ட்ரிக்கர்: 'தூண்டி' வேண்டாம், 'அடியுணரி' என்போம்

வணக்கம் நண்பர்களே,

டிரம்மில் விழும் அடியை உணரும் ட்ரிக்கர் என்ற கருவிக்குத் தமிழில் 'தூண்டி' என்றே வைத்துவிடலாம், கணினித் துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே என்று திருச்சி ஐயா எழுதியிருந்தார். கணினிக்குச் சரி. டிரம்ஸுக்கு அது ஒட்டாது. மண்டபத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். என் அக்கா மகன் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்ற அதிவேக முரட்டு ராக் இசைக்கு டிரம்ஸ் வாசிக்கிறான். அவன் டிரம்மில் இந்தக் கருவியை மாட்டுவதும் கழற்றுவதும் நான்தான்.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது பத்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதன் நடுவில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. அழுத்தினாலோ அதிர்ந்தாலோ மின்சாரம் எழுகிற பொருள் அது. இந்தப் பண்பை கியூரி சகோதரர்கள் 1880இல் சில படிகங்களில் கண்டறிந்தார்கள். தகட்டைக் கவ்வியில் வைத்து டிரம்மின் விளிம்பில் முடுக்கினால், அடியில் உள்ள பஞ்சுத் துண்டு தோலை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அடி விழுந்ததும் ஒரு மின்துடிப்பு ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போகும். அதில் பதிந்துவைத்த டிரம் ஒலியைப் பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அவ்வளவுதான்.

இது எதற்கு என்றால், வேகத்துக்கு. காலால் மிதித்து ஒலிக்கவைக்கும் பெரிய டிரம்முக்குக் கிக் டிரம் என்று பெயர்; அதை இரட்டைப் பெடலில் இரண்டு காலாலும் மாறி மாறி மிதிப்பார்கள். நிமிடத்துக்கு 240 தாளத் தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நாலு அடி என்றால் ஒரு நொடிக்கு 16 அடி, காலுக்கு எட்டு. அந்த வேகத்தில் முழங்காலைத் தூக்கி ஓங்கி மிதிக்க நேரம் கிடையாது. கணுக்கால் மட்டுமே ஆடும். அடி மெலிந்துபோகும், மைக் வைத்தால் எல்லாம் ஒரே உறுமலாகக் கேட்கும். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் திறந்தவெளி மேடையில் கிக் மைக்குக்குள் டிரம்மை விடக் காற்றுதான் அதிகம் புகும். ட்ரிக்கருக்குக் காற்று கேட்காது. அதற்குத் தெரிந்தது தோலின் அதிர்வு மட்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஒரு திருவிழா மேடையில் பையன் வாசித்து இறங்கியதும், "தம்பி சும்மா உட்கார்ந்திருக்கான், மெஷின்தான் வாசிக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னார். பையன் முகம் சுருங்கிப்போனது. "மாமா, நான் அடிச்சாத்தானே அது பேசும்?" என்று வண்டியில் வரும்போது கேட்டான். இரண்டு வருடம் தினமும் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி வைத்துக் கால் பழக்கியவன். ட்ரிக்கர் ஒரு உதவி செய்கிறது, மறைக்க வேண்டியதில்லை: மெலிந்த அடியையும் வலுத்த அடியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் காலம் பிசகினால் அதைத் திருத்தாது. ஒவ்வொரு அடியும் ஆணி அடித்தது போலத் தனித்தனியாகக் கேட்பதால் பிசகு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 'தூண்டி' என்று சொன்னால் கருவிதான் டிரம்மைத் தூண்டி வாசிக்கவைக்கிறது என்றல்லவா பொருள் போகிறது? இங்கே தூண்டுவது கால், தூண்டப்படுவது கருவி. அந்தப் பெரியவரின் தப்பெண்ணத்தை நாமே சொல்லில் பதித்துவைக்கக் கூடாது.

வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா 'தக்கை' என்றார். தூண்டில் போட்டுப் பிழைத்தவர். மீன் இரையில் வாய் வைத்ததும் தக்கை முங்கும், அதைப் பார்த்துக் கையை இழுக்க வேண்டியது ஆள், தக்கை மீன் பிடிக்காது என்று விளக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது, ஏனென்றால் தக்கை என்பது பழைய தோல்கருவி ஒன்றின் பெயரும்கூட. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் பேரிகை, படகம், இடக்கை என்று போகும் பட்டியலில் அதுவும் வருகிறது. அப்படியே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் ஒரு தோல்கருவியின் பெயரை இன்னொரு தோல்கருவியில் மாட்டும் உறுப்புக்கு வைத்தால் படிக்கிறவர் குழம்புவார். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் பரிந்துரை 'அடியுணரி'. சென்சாருக்கு உணரி என்பது பாடநூல் வரை வந்துவிட்டது. அடி என்றால் தட்டு, அடி என்றால் பாதம். மெட்டலில் இந்தக் கருவி பெரும்பாலும் காலால் மிதிக்கும் கிக் டிரம்மில்தான் ஏறுகிறது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன. குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மில் மாட்டினாலும் தட்டு என்ற பொருள் காப்பாற்றும்.

உணர்வது பாதி வேலைதானே, ஒலி எழுப்புவது எங்கே என்று மதுரை அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஒலி எழுப்புவது வேறு பெட்டி. இரண்டையும் சேர்த்தே ட்ரிக்கர் என்று அழைக்கும் பழக்கம் நம் குழப்பத்துக்குக் காரணம். சுருதிப்பெட்டி என்கிறோம் அல்லவா, அதே வாக்கில் அதை 'முழவுப்பெட்டி' என்னலாம்.

பெட்டியின் செட்டிங்குகளுக்கும் சொல் வேண்டும். ஒரு அடிக்குப் பிறகு பெட்டி சில மில்லிநொடி காதை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் ஒரே அடி இரண்டாக ஒலிக்கும். இரட்டைப் பெடலில் ஒரே தோலில் நொடிக்கு 16 அடி விழும்போது இடைவெளி 62.5 மில்லிநொடிதான். மூடும் நேரம் அதைத் தாண்டினால் அடுத்த அடி காணாமல் போகும். இதற்கு 'செவிமூடு நேரம்' என்று எங்கள் கடையில் சொல்லிப் பார்த்தோம், நாக்கில் நன்றாகவே நின்றது. ஸ்னேர் அடித்த அதிர்வில் பக்கத்து உணரி பேசுவதற்கு 'ஒட்டுக்கேட்பு'. மெட்டலில் வரும் அதிவேகத் தாளமான பிளாஸ்ட் பீட்டுக்குப் பரிந்துரையாக வந்த 'வெடித்தாளம்' எனக்குச் சம்மதம், தனி இழையில் பேசுவோம்.

மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். அதுவரை எங்கள் ஒயர் பெட்டியில் மார்க்கரால் 'அடியுணரி 1', 'அடியுணரி 2' என்று எழுதித்தான் வைத்திருக்கிறோம்.